காது வெட்டின நாய்க்குச் சொந்தக்காரன்

நெடுந்தீவு கிழக்கு.
2025 ஒக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 6.10.
எங்கள் வேலிப் படலைக்கு வெளியே நிற்கும் நாய்கள்: முப்பத்தொன்று.

நோர்வேக் குளிருக்குள் இருந்துகொண்டும் எங்கள் தீவின் தெருநாய்களை மறவாத, பெரியப்பாவின் மூத்த மகள் சுலக்சனா அக்காவுக்கு, தம்பி சிவகரன் எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் சுகமில்லை. நீங்கள் கேட்காதபடியால் விரிக்கவில்லை. உங்கள் சுகத்தை உங்கள் நாய்த் தொண்டர் சங்கத்தின் முகநூலில் நாளாந்தம் பார்க்கிறேன். நான்கு நோர்வேப் பெண்களோடு நின்று நாய்களுக்காகக் கேக் விற்கிறீர்கள், நல்ல நிறமாக இருக்கிறீர்கள். இதை நான் வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் சிவப்பு இதயம் ஒன்றைப் போட்டுவிட்டு நாய்களின் படம் எங்கே என்று கேட்பீர்கள். கடிதத்துக்கு இதயம் போட ஏலாது.

போன வருடம் ஓகஸ்ட்டில், இருபது வருடத்துக்குப் பிறகு வந்து, இறங்குதுறையில் ஒரு சொறிநாயைக் கண்டு அழுதீர்கள். அதைக் குறை சொல்லவில்லை. திரும்பிப் போய்த் தொண்டர் சங்கம் தொடங்கினீர்கள், என்னைக் கேட்காமலே என்னை உள்ளூர்ப் பொறுப்பாளர் ஆக்கினீர்கள், மார்ச் மாதம் மிருக வைத்தியர்களை வள்ளத்தில் அனுப்பினீர்கள். நான் மீன் வலையோடு மூன்று நாள் ஓடி முப்பத்தொரு நாய்களைப் பிடித்தேன். சனசமூக நிலையத்து மேசையில் கருத்தடை செய்து, செய்த நாயை மறுபடி பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் இடது காதிலும் வைத்தியர் சின்னதாக ஒரு வெட்டு வைத்தார். யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் இயந்திரத் தொழில்நுட்பம் படித்தவன் என்ற முறையில், மலிவான, அழியாத அடையாளம் என்று நானும் மெச்சினேன். நாயின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றதும் நான்தான். வெளியே ஊரே நின்று பார்த்தது.

அக்கா, இந்தத் தீவில் காதை வெட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு மறந்துபோனது சரி, எனக்குமா மறக்க வேண்டும்? பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் ஆடுகளுக்கு வலது காதில் இரண்டு வெட்டு. அவருடைய தமையனின் ஆடுகளுக்கு இடது காதில் துளை. மாட்டுக்குச் சுடுகுறி. குறி வைக்கிறவன் எவனோ அவன் சொந்தக்காரன். இதற்கு உறுதி, பத்திரம் ஒன்றும் தேவையில்லை. ஆக நாற்பது சாட்சிகளுக்கு முன்னால் முப்பத்தொரு நாய்களுக்கு நான் குறி வைத்திருக்கிறேன்.

அடுத்த கிழமையே விளைவு தெரிந்தது. அதுவரை ஒவ்வொரு வீட்டுக் குசினிக்குப் பின்னாலும் ஒரு நாய்க்கு மிச்சச் சோறு, மீன் தலை கிடைத்தது. இப்போது ஒருத்தரும் போடுவதில்லை. அது சிவகரனின் நாய், பிறத்தியாரின் பிராணிக்குச் சாப்பாடு போட்டுப் பழக்குவது சரியில்லையாம். கெட்ட மனதோடு செய்யவில்லை, மரியாதைக்காகச் செய்கிறார்கள். நீங்கள் தொண்டு செய்ய முன்னம் இந்த நாய்கள் பட்டினி கிடந்ததில்லை அக்கா. இதையும் முகநூலில் போடுங்கோ.

பிறகு கம்பளிச் சட்டைகள் வந்தன. முப்பத்தொன்று. உங்கள் தொண்டர்கள் கையால் பின்னினவை, சிவப்பில் வெள்ளைப் பூ. இங்கே வெயிலில் தார் இளகுகிறது. சட்டை போட்ட படம் வராவிட்டால் பின்னின கிழவிகள் மனம் நொந்துபோவார்கள் என்று நான்கு தரம் எழுதினீர்கள். ஆறு நாய்களுக்குப் போட்டேன். படம் எடுத்து முடிய முன்னம் மூன்று நாய்கள் சட்டையோடு ஓடிவிட்டன. ஓடினவை நேரே பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் ஆட்டுப் பட்டிக்குள் புகுந்து ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றுவிட்டன. பசி அக்கா, வேறொன்றுமில்லை. அவர் செத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, உன்ரை நாய் செய்த வேலையைப் பார்."

"அது தெருநாய் அண்ணை."

"தெருநாய்க்கு ஆரடா சட்டை பின்னிப் போடுறது?"

இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கோ.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையத்தில் இயந்திர இயக்குநர் வேலை ஒன்று வந்திருக்கிறது. நான்கு வருடத்தில் என் படிப்புக்கு இந்தத் தீவில் வந்த ஒரே வேலை. கிடைத்தால் அம்மாவோடு இருப்பேன். கிடைக்காவிட்டால் கட்டாருக்குப் போவேன், அம்மா முழங்காலோடு தனிய இருப்பா. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதோடு கிராம அலுவலர், எங்கள் விதானையாரின் நற்சான்றிதழ் வேண்டும். விதானையார் விநாயகமூர்த்தி நாய்களைப் பற்றி வந்த ஏழு முறைப்பாடுகளை எடுத்து மேசையில் அடுக்கினார். தன்ரை நாயைக் கட்டிவைக்கத் தெரியாதவனுக்கு அரசாங்க இயந்திரத்தை எப்படிக் கொடுக்கிறது என்று கேட்டார். நாய்கள் சங்கத்துக்குச் சொந்தம் என்று உங்களிடம் ஒரு கடிதம் கேட்டேன். அழகான தலைப்புத் தாளில் ஆங்கிலத்தில் அனுப்பினீர்கள். நான் அவசரக்காரன், வாசிக்காமலே கொண்டுபோய் நீட்டினேன். விதானையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்: சங்கத்துக்கு எந்தப் பிராணியும் சொந்தமில்லை, எல்லாம் உள்ளூர்ப் பொறுப்பாளர் சிவகரனின் முழுப் பொறுப்பு. உங்கள் வழக்கறிஞர் கெட்டிக்காரர்.

ஆகவே இன்றோடு பதவி விலகுகிறேன். நாய்களோடு எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. பத்து மணிக்கு விதானையாரிடம் போய் இதையே எழுதிக் கொடுக்கப் போகிறேன். அத்தானுக்கு என் மரியாதை. பிள்ளைகள் தமிழ் மறக்காமல் இருக்கட்டும். நெடுந்தீவு அம்மன் உங்கள் எல்லாரையும் சளி, காய்ச்சல் அண்டாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
முன்னாள் உள்ளூர்ப் பொறுப்பாளர்,
சிவகரன்.

பி.கு. முற்பகல் 11.40. போய்விட்டு வந்தேன். பஸ்ரியாம்பிள்ளை அண்ணையும் அங்கே இருந்தார். விதானையார் நற்சான்றிதழை எழுதி, கையொப்பம் மட்டும் வைக்காமல் வைத்திருந்தார்.

"உம்மடை நாய் இல்லையெண்டு ஒரு வரி எழுதித் தாரும். இப்பவே கையொப்பம் வைக்கிறன்."

பேனையை எடுத்தேன். பஸ்ரியாம்பிள்ளை அண்ணை கதிரையை விட்டு எழும்பினார்.

"அப்ப ஒருத்தற்றை நாயும் இல்லை. நல்லது. நஞ்சு வைக்க இனி ஆரையும் கேக்கத் தேவையில்லை."

கோபமாகச் சொல்லவில்லை. சொந்தக்காரன் இருக்கிறான் என்றுதான் அந்த மனுசன் இரண்டு மாதம் பொறுத்திருக்கிறார். நான் "முப்பத்தொன்றும் என்னுடையவை" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். விதானையார் நற்சான்றிதழைத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார். இனி நான் செய்யப்போவது:

1. விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமை அனுப்புவேன். நற்சான்றிதழ் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதுவேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியும்.

2. பஸ்ரியாம்பிள்ளை அண்ணையின் பட்டிக்குக் கம்பி வலை அடிப்பேன். அளவு எடுத்தாகிவிட்டது.

3. இறங்குதுறைக்குப் போய் மீன் தலை கேட்பேன். சொந்த நாய்க்கு என்று கேட்டால் தருவார்கள்.

4. கட்டாருக்கு ஆள் அனுப்பும் முகவருக்கு இந்த மாதம் வர ஏலாது என்று சொல்வேன். முப்பத்தொன்றையும் அம்மாவின் தலையில் கட்டிவிட்டுப் போக முடியாது.

5. காதில் வெட்டில்லாத கறுப்பு நாய் ஒன்று புதிதாக வந்து படலையில் நிற்கிறது. அது என்னுடையது இல்லை. துரத்திவிடுவேன். சாப்பிட்டு முடியட்டும்.