ஆறாவது ஆடு யார்?

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கே ஆய்வுக்கூடத்து ஆடுகள் ஐந்தும் சுகம். நான் சுகமில்லை. அங்கே உங்கள் மூட்டுவலியும் அத்தையின் கோபமும் சற்றுத் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அத்தையும் உங்கள் மகளும் பெட்டியோடு வந்து இறங்கியதற்குக் காரணம் சொல்லியிருப்பார்கள். என் தரப்பைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆடுகள் எப்படி மெல்லுகின்றன, மென்றது எப்படிச் செரிக்கிறது என்று காலமெல்லாம் எழுதி வருபவன் நான். அச்சான ஒவ்வொரு கட்டுரையிலும் உங்களுக்கு ஒரு பிரதி தந்திருக்கிறேன். கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து கொடுப்பது பற்றிய கட்டுரை உங்கள் சாப்பாட்டு மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்ததைப் போன தடவை பார்த்தேன். வருத்தமில்லை, மேஜை இப்போது ஆடவில்லை. எங்கள் துறைத் தலைவர் மட்டும் என்ன, கட்டுரைகளை எண்ணுவாரே தவிரப் படிக்கமாட்டார். அச்சுக்கு முன் சரிபார்க்கிறவர்களோ மேற்கோள் பட்டியலில் தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டுவதோடு சரி.

நாற்பத்திரண்டாவது கட்டுரையில் வந்தது வினை. ஐந்து ஆடுகள் போதாது, ஒப்பிட வேறு ஓர் இனம் வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் எழுதிவிட்டார். மாடு கேட்டேன், தன் பெயரை முதலில் போட்டால் தருவதாக மாட்டுப் பிரிவுக்காரர் சொன்னார். முயல் கேட்டேன், எல்லா முயலும் வேறொருவர் கட்டுரையில் இருந்தன. சோர்ந்துபோய் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால், எதிரே, எங்களோடு தங்கிப் போக வந்திருந்த அத்தை. என்ன நிதானமாக மெல்லுகிறார்கள்! ஒரு கவளத்துக்கு எத்தனை தடவை என்று சும்மா எண்ணிப் பார்த்தேன் மாமா, கை தானாக மேஜைக்கு அடியில் கோடு போட ஆரம்பித்துவிட்டது. "என்ன மாப்பிள்ளை, என்னையே பாக்கறீங்க? சாப்பாடு ஆறுது" என்று பிரியமாகக் கேட்டார்கள். "ஒண்ணுமில்ல அத்தை, நீங்க நல்லா சாப்பிடுங்க" என்றேன். அதுவும் 'தீவனம்: விரும்பிய அளவு' என்று கட்டுரையில் ஏறிவிட்டது.

அத்தையை ஆடு என்று நான் எங்குமே எழுதவில்லை. மரியாதை கருதிப் பெயரைக்கூடப் போடவில்லை. அட்டவணையில் ஐந்து ஆடுகளுக்குக் கீழே, எண் ஆறு, வேறு இனம், பெண், எடை கண்ணளவில் எழுபத்து நான்கு கிலோ, வளர்ப்பு வீட்டுக்குள், இடது கடைவாய்ப்பல் ஒன்று இல்லை, சுபாவம் சாது, அவ்வப்போது மாறும். இவ்வளவுதான். யார் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியம்! அச்சாகி வந்ததும் பெருமை தாங்காமல் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அத்தை கையில் கொடுத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். அன்று அத்தைக்குப் பல்வலி. மத்தியானம் தூக்கம் வராமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார்கள், பென்சிலால் அடிக்கோடு போட்டு! கதவோரம் நின்று பார்த்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் பக்கத்தில் பென்சில் நின்றது. "மாப்பிள்ளை, இந்த ஆறாவது ஆடு யாரு?" என்றார்கள்.

அத்தை கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "எழுபத்து நாலா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியை எடுக்கப் போனார்கள். உத்தேசம்தான் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் உங்கள் மகள் முந்திக்கொண்டாள். "அம்மா வந்து மூணு மாசம்கூட ஆகல. எந்தப் பல்லு இல்ல, எந்தப் பக்கம் மெல்றாங்க, எல்லாம் தெரியுது. முப்பது வருஷமா நானும் உங்க எதிர்லதான் உக்காந்து சாப்பிடறேன். என்னை ஒரு தடவையாவது நிமிர்ந்து பாத்திருக்கீங்களா?" என்றாள். அம்மாவோடு அவளும் கிளம்பிவிட்டாள்.

இப்போது என் எதிரே காலி நாற்காலி. மெல்லாமல் விழுங்குகிறேன், செரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் செரிமானம் சொன்னவனுக்கு இந்தக் கதி. இத்தனை எழுதி ஒரே ஒரு வாசகர் கிடைத்தார், அவரையும் அட்டவணையில் போட்டு விரட்டிவிட்டேன். அதைக்கூட விடுங்க மாமா, உங்க பொண்ணு கேட்ட கேள்விதான் மனசைப் போட்டு அரிக்குது. கட்டுரையைத் திருப்பிக் கேட்டு ஆசிரியருக்கு எழுதியாயிற்று. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் குறையட்டும், அவ வந்தா போதும். இனி நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் பென்சில் வராது, இது சத்தியம். எப்படியாவது நீங்கள்தான் எடுத்துச் சொல்லி அவளை அனுப்பிவைக்க வேண்டும்.

அத்தைக்கு என் மன்னிப்பும் வணக்கமும். உங்கள் மகளுக்கு, வாங்கிக்கொண்டால், என் அன்பு.

உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஆசிரியரின் பதில் வந்துவிட்டது. கட்டுரையைத் திருப்பித் தரமாட்டாராம். ஆறாம் எண்ணைப் பாராட்டி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறாராம்; என் எழுத்துக்கு வந்த முதல் பாராட்டு! அதே இனத்தில் இன்னொன்றையும், முடிந்தால் ஆறாம் எண்ணின் குட்டியையே, சேர்த்து விரிவாக எழுதித் தரச் சொல்கிறார். நான் சரி என்று சொல்லவில்லை. சும்மா ஒரு தாளில் எண் ஏழு என்று மட்டும் போட்டுப் பார்த்தேன். அதற்கு மேல் ஓடவில்லை மாமா. அவள் எந்தப் பக்கம் மெல்லுவாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. இன்றைக்கு அவள் சாப்பிடும்போது, அவளுக்குத் தெரியாமல் கொஞ்சம் பார்த்து, உடனே எழுதுங்கள்.