பள்ளிக்கூடத்துக்கு மலையைச் சுற்றிப் போனேன்

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இடத்துக்குத்தான் மனிதர்கள் தாமதமாகப் போய்ச் சேருவார்கள். வெளியூருக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் எழுந்து, முதல் பஸ்ஸைப் பிடித்து, நேரத்துக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருப்பார்கள். நானோ, கால் மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காலையில் கிளம்பி மாலையில் போய்ச் சேர்ந்தவள். (நடுவில் எங்கும் தூங்கவில்லை. நடந்துகொண்டேதான் இருந்தேன்.)

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஆசிரியர் பயிற்சியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தொடக்கப் பள்ளியில் சில வாரம் பாடம் நடத்திப் பழக வேண்டும். பள்ளியை நாங்களே தேடிப் பிடித்து, தலைமை ஆசிரியரிடம் சம்மதம் வாங்கி வர வேண்டும். கிடைக்காதவர்களை ஜவ்வாது மலைப் பக்கம் எங்காவது அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஜவ்வாது மலையில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் பெரியத்தாவுக்கு இருந்தது. "வெளியூர்ல போய்த் தங்கறதா இருந்தா படிச்ச வரைக்கும் போதும்" என்று அத்தாவிடம் சொல்லிவிட்டார். (எங்கள் வீட்டில் அத்தா என்றால் அப்பா, பெரியத்தா என்றால் அவருடைய அண்ணன்.) பெரியத்தா ஒன்றைச் சொன்னால் எங்கள் வீட்டில் அது சட்டம் மாதிரி.

உள்ளூரில் நான் ஏறி இறங்கிய பள்ளிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. மிஞ்சியது குபேர லிங்கத்தைத் தாண்டி, அண்ணாமலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதையில் இருந்த ஒரு சின்னப் பள்ளி. தலைமை ஆசிரியை ஒரு நாள் குறித்துக் கொடுத்து, "மூணு மணிக்குள்ள வாங்க. ஒரு பாடம் நடத்திக் காட்டணும். அப்புறம் நான் பூட்டிட்டுப் போயிடுவேன்" என்றார். எங்கள் வீடு ஈசான்ய லிங்கத்துக்குப் பின் தெரு. கூப்பிடு தூரம். அந்த நாள் பௌர்ணமி என்பதை நான் கவனிக்கவில்லை. ஊரே கவனித்திருந்தது.

அத்தாவுக்குத் தேரடித் தெருவில் வளையல் கடை. பௌர்ணமி என்றால் அவருக்கு நிற்க நேரமிருக்காது. அன்றைக்கு மட்டும் கடையை என் தம்பியிடம் விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். கூட்டத்தில் பெண் பிள்ளை தனியாகப் போக வேண்டாம் என்று காரணம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. (கொஞ்ச நேரம்தான்.)

அன்று காலையிலேயே பௌர்ணமி பிறந்துவிட்டதால் பத்து மணிக்கே ரோடு நிறைந்த கூட்டம். மலையை வலமாகச் சுற்றி முடித்தவர்கள் குபேர லிங்கத்துப் பக்கமிருந்து எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்கு எதிரில் கால் எடுத்து வைத்தேன். அத்தா என் தோளைத் தொட்டார்.

"அந்தப் பக்கம் வேணாம் கண்ணு. இவ்ளோ ஜனம் வருது. எதிர்ல நடந்தா நல்லாவா இருக்கும்?"

"கால் மணி நேரம்தான் அத்தா. ஓரமா போயிடலாம்."

"நம்ம சோறே இவங்க போட்டது. இன்னிக்குப் போய் இடமா நடக்கறதா? ஊரோட சேர்ந்து போவோம்."

"நாம என்ன கிரிவலமா போறோம்?"

"நாம போவல. ரோடு போவுது" என்று சொல்லிவிட்டு ஊர்ப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தார். அதாவது, பின்னால் இருக்கிற பள்ளிக்கூடத்தை முன்னால் போய்ப் பிடிப்பதற்காக, அண்ணாமலையை முழுசாகச் சுற்றக் கிளம்பினோம். இதில் இருக்கும் முட்டாள்தனம் இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அத்தா பேச்சுக்கு மறுபேச்சு பேசத் தெரியாத பெண் நான். கொஞ்ச தூரம் போனதுமே, எல்லாரும் வெறுங்காலோடு நடக்கும்போது நாம் மட்டும் செருப்போடு போவதா என்று அதையும் கழற்றிப் பைக்குள் போடச் சொன்னார். தார் ரோட்டில் தோசை வார்க்கலாம். நான் துள்ளித் துள்ளி நடந்தேன். அவரோ ஒவ்வொரு லிங்கத்தையும் ஒவ்வொரு மோர்ப் பந்தலையும் நின்று பார்த்துக்கொண்டு வந்தார்.

என் கையில் நான்கு பெரிய அட்டைகள். மூன்றாம் வகுப்புக்குத் திசைகள் பாடம். ஒவ்வொரு அட்டையிலும் கிழக்கு, மேற்கு என்று ஒரு திசையை எழுதி, அதன் கீழே தடிமனாக ஒரு சிவப்பு அம்புக்குறி வரைந்திருந்தேன். இரண்டு ராத்திரி கண் விழித்துச் செய்தவை. செங்கம் ரோட்டை விட்டுக் கிரிவலப் பாதை வலப்பக்கம் பிரியும் இடத்தில், கால் தாங்காமல் ஒரு புளிய மரத்தடியில் நின்றேன். அட்டைகளை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தேன். வெளியே தெரிந்தது 'மேற்கு'. அதன் அம்பு செங்கம் ரோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆந்திராவிலிருந்து வந்த ஒரு கூட்டம் என்னைக் கடந்தது. அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அம்புக்குறி தெரியும். முன்னால் வந்த பெரியவர் என் அம்பைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, வலப்பக்கம் திரும்பாமல் நேராகச் செங்கம் ரோட்டிலேயே போனார். பின்னால் இருந்தவர்கள் அவரைத் தொடர்ந்தார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். எனக்கு விஷயம் புரிந்தபோது அவர்கள் தலை மட்டும் சின்னதாகத் தெரிந்தது.

"அத்தா, அவங்க செங்கத்துக்குப் போறாங்க."

அத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வளையல் விற்றுக் கற்றுக்கொண்ட தெலுங்கு அவருக்குக் கைவசம் இருந்தது. "இட்டு ரண்டி அம்மா, இட்டு ரண்டி" என்று, இந்தப் பக்கம் வரச் சொல்லிக் கூவிக்கொண்டே அவர் ஓட, வளையல் விற்கத் துரத்துகிறார் என்று நினைத்து அவர்கள் இன்னும் வேகமாக நடந்தார்கள். அவர்களை மடக்கித் திருப்பிக் கூட்டி வருவதற்குள் ஒரு போலீஸ்காரர் என்னிடம் வந்துவிட்டார்.

"உன்ன யாரும்மா அம்பு போட்ட அட்டையோட இங்க நிக்கச் சொன்னது?"

"நான் பாடம் நடத்தப் போறேன் சார்."

"என்ன பாடம்?"

"திசைகள்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நான்கு அட்டைகளையும் வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "போம்மா" என்றார்.

பள்ளிக்கூடத்தை அடைந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. தலைமை ஆசிரியை வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். என் படிப்பையே பூட்டுகிற மாதிரி இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மூணு மணின்னு சொன்னேன்ல?"

"கூட்டம் ஜாஸ்திம்மா" என்றார் அத்தா.

"வீடு எங்க இருக்கு?"

"ஈசான்ய லிங்கத்துக்குப் பின்னாடி டீச்சர்" என்றேன்.

"அது இங்கதான இருக்கு. எப்ப கெளம்பினீங்க?"

"பத்து மணிக்கு."

அவர் மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். என் வெறுங்காலைப் பார்த்தார். அத்தாவின் நனைந்த சட்டையைப் பார்த்தார். "மலைய சுத்தியா வந்தீங்க?" என்றார். நான் தலையாட்டினேன்.

"சரி, பாடத்துக்கு என்ன கொண்டுவந்திருக்க?"

"நாலு அட்டை டீச்சர். போலீஸ்கிட்ட இருக்கு."

அவர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். அப்புறம் கதவைத் திறந்து, என் சம்மதத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"சின்னப் பசங்களுக்கு ஒரே விஷயத்த சுத்திச் சுத்திச் சொல்லணும். அதுக்குப் பொறுமை வேணும். அது உன்கிட்ட இருக்கு. புத்தி போகப் போக வந்துடும்" என்றார். பிறகு அத்தாவிடம், "திரும்பவும் மலைய சுத்திடாதீங்க பாய். பின்னாடி வாய்க்கா ஓரமா ஒரு சந்து இருக்கு. ரோட்டையே தொட வேணாம்" என்றார்.

"அப்படிங்களா" என்றார் அத்தா.

சந்துக்குள் அவர் முன்னால் போனார். யாரிடமும் வழி கேட்கவில்லை. இரண்டாய்ப் பிரிந்த இடத்தில் தயங்கவில்லை. கல் பெயர்ந்திருந்த இடத்தில் கீழே பார்க்காமலே எட்டி வைத்தார். எனக்கு உச்சி வரைக்கும் கோபம் ஏறியது.

"அத்தா, இந்தச் சந்து உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் நின்று என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாளா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடையிலதான் நிக்கறேன். எல்லாரும் போறாங்க, வர்றாங்க. எங்க போய் எப்படி வர்றாங்கன்னு ஒரு வாட்டி நடந்து பாக்கணும்னு இருந்துச்சு. ரெண்டு மணிக்குள்ள வந்துடலாம்னுதான் நெனச்சேன் கண்ணு."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் மேல் எனக்கு இருந்த பிரியம் அன்றைக்கு இன்னும் கூடியது. கால் கொப்புளங்கள் ஆற மட்டும் பத்து நாள் ஆயிற்று.

பயிற்சி முடித்தேன். கொஞ்ச காலம் கழித்து அதே பள்ளியிலேயே வேலையும் கிடைத்தது. தினமும் சந்து வழியாகத்தான் போய் வந்தேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் கடைக்குப் போனவர் திரும்ப நேரமானால், "அத்தா வழியா வர்றாங்க போல" என்பார்கள்.

சில வருஷம் கழித்துத் தம்பிக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் நேர்காணல் வந்தது. அத்தா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "துணைக்கு நானும் வரட்டுமா?" என்று கேட்டார். தம்பி நேராகக் காலண்டரிடம் போய், பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்துவிட்டு வந்து, "சரி, வாங்க அத்தா" என்றான்.