மேல்வீட்டு ஆமை

கைப்பேசி பருப்புச் சட்டிக்குள் விழுந்ததும் கிருசிகா வாயை மூடிக்கொண்டாள்.

மூன்று வயதான அவளுக்குக் கைப்பேசியில் ஆமைப் பாட்டு ஓடினால்தான் சோறு இறங்கும். திரையில் ஆமை "ஆ..." என்று வாயைத் திறக்கும். அவளும் திறப்பாள். தபால்பெட்டிக்குள் கடிதம் போடுவதுபோல தாய் கோசலா ஒரு கவளத்தை வைத்துவிடுவாள். மகள் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை தாதி நிறை பார்ப்பார். போன முறையே நிறை கூடவில்லை.

"நீர் பாடுமன்," என்றான் கணவன் திலக்சன்.

கோசலா பாடினாள். மகள் காதைப் பொத்தினாள்.

"பொறும், பாட்டுக்காரரையே கூட்டிக்கொண்டு வாறன்."

"விசரோ உங்களுக்கு? ஞாயிற்றுக்கிழமையிலை."

அவன் போய்விட்டான். அந்தப் பாட்டைக் கட்டி, அந்த ஆமையை வரைந்த ஜப்பானியத் தம்பதி ரியோஜியும் மயூமியும் சுவிஸின் வின்டர்தூரில் இவர்களுடைய மேல்வீட்டில்தான் இருந்தார்கள்.

வீட்டுச் செருப்போடு இருவரும் வந்துவிட்டார்கள். மயூமி கை தட்ட, ரியோஜி பாடினார்.

"இவர் ஆமை இல்லை," என்றாள் கிருசிகா.

திலக்சன் அதை டொச் மொழியில் சொன்னதும் ரியோஜிக்குச் சுட்டிருக்க வேண்டும். உடுப்புக் கூடையை முதுகில் கவிழ்த்துக்கொண்டு தவழத் தொடங்கினார். மகள் வீரிட்டுக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள்.

"நல்ல ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்தியள்," என்றாள் கோசலா.

அதற்குள் ஆமை அவள் காலடிக்கு வந்து, "ஆ..." என்று வாயைத் திறந்தது. ஒரு வருடப் பழக்கம். அவள் கை தானாகப் போய் ஒரு கவளத்தை அதற்குள் வைத்துவிட்டது.

"என்னப்பா செய்யிறீர்?" என்றான் திலக்சன்.

கோசலா கூசிப்போனாள். ரியோஜி மென்றார். மறுபடியும் "ஆ..." என்றார். பக்கத்தில் மயூமியும் குனிந்து வாயைத் திறந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது எப்படி மறுப்பது? தட்டு காலியானது. தன் சோற்றை ஒருவர் கண்ணை மூடிச் சுவைப்பதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. வெட்கத்துக்குள்ளேயே அவளுக்கு ஒரு சந்தோசம் வந்தது.

மேசைக்குக் கீழிருந்து ஒரு தலை நீண்டது.

"அம்மா, அது என்ர சோறு."

கோசலா ஓடிப்போய்ச் சோறு போட்டு வந்தாள். கிருசிகா தட்டை மடியில் அணைத்து, ரியோஜியின் மேல் ஒரு கண்ணை வைத்தபடி, தானே அள்ளித் தின்றாள்.

வாசலில் கோசலா திணறித் திணறி டொச்சில் மன்னிப்புக் கேட்டாள். "உங்கள் பாட்டிலே 'ஆ' வந்தால் என் கை நிற்காது."

மயூமி உதட்டில் ஒட்டிய பருப்பைத் துடைத்துக்கொண்டார்.

"இன்றைக்குத்தான் சரியாகச் செய்தீர்கள். எங்கள் மகனும் சின்ன வயதில் சாப்பிட மாட்டான். அவனுடைய சோற்றை நாங்கள் பிடுங்கித் தின்னத்தான் அந்த 'ஆ'வை வைத்தோம்."