மராமத்து என்பது யாதெனில்

அகராதி எழுதியவர்கள் 'மராமத்து' என்ற சொல்லுக்குப் 'பழுது பார்த்தல்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள். பாவம், அவர்களுக்குப் போடிநாயக்கனூர் ஏலக்காய் முதலாளி சத்தியநேசனைத் தெரியாது. அந்தச் சொல்லின் ஆழம் கண்டவர் பூவுலகில் அவர் ஒருவரே என்பது, அவருடைய எஸ்டேட் கணக்கப்பிள்ளை ஜெபமணியின் உறுதியான நம்பிக்கை.

நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டு. 1953 ஆனி மாதம், போடிமெட்டுக்கு மேலே, காய் உலர்த்தும் ஸ்டோரில் ஒரு தகரம் லேசாகத் தூக்கிக்கொண்டது. நனைந்தால் ஏலக்காய் கறுத்துப்போகும். சேதி கீழே போன அன்றே புதுத் தகரங்களோடு ஜீப்பு மேலேறியது. முதலாளி கொட்டும் மழையில் தாமே குடை பிடித்து நின்றார். தமக்கல்ல, காய் மூட்டைக்கு. வேலை முடிந்ததும் ஒரு ஜெபமும் செய்துவிட்டு இறங்கினார். ஜெபமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதே வாரம், ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் அன்னக்கொடியின் புல்கூரை ஒழுகியது. அவள் நிறைமாதக் கர்ப்பிணி.

"கணக்கப்பிள்ளையய்யா, முடங்கிப் படுக்கக்கூட காஞ்ச இடமில்ல. நாலு கட்டுப் புல்லுக் குடுங்க, எங்க வீட்டுக்காரரே மேஞ்சுக்கிருவாரு. வெரசா சொல்லிவிடுங்க."

வெரசாகச் செய்கிற காரியமா இது? சின்ன மராமத்து ஆட்கள் பொறுப்பு, பெரிய மராமத்து முதலாளி பொறுப்பு என்பது எஸ்டேட் விதி. ஆகவே ஓட்டை சின்னதா, பெரிதா என்று தீர்மானிக்கப் போடியில் முதலாளியின் கடையில் 'கூட்டம்' கூடியது. முதலாளி, ஜெபமணி, எடை போடும் மாசானம் ஆகியோர் ஆஜர்.

"ஓட்டை எம்புட்டு இருக்கும்?"

"வானம் தெரியுது முதலாளி."

"வானம் ஊசி ஓட்டையிலயுந்தான் தெரியும். அளவைச் சொல்லும்யா."

மாசானம் தொண்டையைச் செருமினான். "வேலியில ஆட்டுக்குட்டிக்குப் பாக்குற மாதிரிதான். தலை நுழைஞ்சா பெரிசு, நுழையலேன்னா சின்னது."

"யாரு தலை?"

ஜெபமணி பணிவோடு சொன்னார்: "எஸ்டேட்டுக்கே பெரிய தலை முதலாளி தலைதானே?"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தலைப்பாகையோடு சேர்த்துத்தான் தலை என்று முதலாளி ஒரு திருத்தமும் கொடுத்தார்.

மறுநாள் அந்தத் தலைப்பாகை, கட்டுக் கலையாமல், ஜெபமணியின் மடியில் அமர்ந்து மலையேறியது. அன்னக்கொடியின் புருஷன் பெரியகருப்பன் ஏணியில் ஏறி அதை ஓட்டையில் வைத்துப் பார்த்தான்.

"ஒரு வெரக்கடை பத்தலையே அண்ணே."

"சின்ன மராமத்து!" என்று ஜெபமணி பிரகடனம் செய்தார்.

கீழே நின்ற அன்னக்கொடி முகத்தில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "மழைக்கு முண்டாசு கட்டத் தெரியலையேய்யா. அது பாட்டுக்கு உள்ள வந்துருதே."

ஞாயிற்றுக்கிழமை அடித்த காற்று கூரையை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனது. ஜெபமணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனி எந்தத் தலையும் தாராளமாக நுழையும்! போடிக்கு ஓடினார்.

முதலாளி கண்ணை மூடி யோசித்தார். "இப்ப ஓட்டை எங்கன இருக்கு?"

"கூரையே இல்ல முதலாளி."

"இல்லாததை எப்படியய்யா பழுது பாக்குறது? இது மராமத்து ஆகாது. புதுக் கட்டடம். அடுத்த வருசம் பாப்போம்."

ஜெபமணிக்குப் புல்லரித்தது. எந்த அகராதியில் இருக்கிறது இந்த நுட்பம்?

காற்றுக்கு ஸ்டோர்த் தகரம் தாங்கியதா என்று பார்க்க இருவரும் ஜீப்பில் மேலே போனார்கள். லயத்தில் ஆளில்லை. ஸ்டோர்க் கதவு திறந்து கிடந்தது. உள்ளே, காய் உலர்த்தும் அடுப்பின் கதகதப்பில், மூட்டைகளுக்கு நடுவே அன்னக்கொடி படுத்திருந்தாள். பக்கத்தில் புதுச் சாக்கில் சுற்றிய பச்சைக் குழந்தை.

முதலாளி அதிர்ந்தார். "காய் வைக்கிற எடத்துல ஆளா?"

"ஆளுன்னு யாரு சொன்னா முதலாளி?" அன்னக்கொடி பிள்ளையை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சாக்கின் மேல் எஸ்டேட் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. "உங்க சரக்குதான். நனைஞ்சா கறுத்துப்போகுமேன்னு உள்ள வச்சிருக்கோம்."

வெளியே மழை கொட்டியது. தகரக் கூரையிலிருந்து ஒரு சொட்டு உள்ளே விழவேண்டுமே! முதலாளியின் மராமத்து அப்படிப்பட்டது.