இரும்புக் கிராமத்து ரெஸ்ட் அண்ணன்

வளைகுடா நாடுகள் அத்தனையையும் சல்லடை போட்டுத் தேடினாலும், மெழுகுப் பொம்மைக்கு மத்தியான ஓய்வு கொடுத்த மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் ரெஸ்ட் அண்ணன். இன்னொருவர் இருக்கிறார் என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் நான் நம்பப் போவதில்லை.

நான் அப்போது அஜ்மானில், அடுக்குக் கட்டில்கள் நிறைந்த ஓர் அறையில் மேல் கட்டிலில் குடியிருந்தேன். வேலை, கடலோரத்துப் பழைய கொல்லர் கிராமத்தில் டிக்கெட் கவுண்டர். ஒரு காலத்தில் மரக்கப்பலுக்கு ஆணியும் நங்கூரமும் அடித்தவர்கள் வாழ்ந்த இடம். உலை, துருத்தி, பட்டடை, ஈச்ச ஓலை வேய்ந்த அவர்களின் சின்னச் சின்ன வீடுகள் எல்லாவற்றையும் அப்படியே செப்பனிட்டு, சுற்றிலும் வேலி போட்டு, உள்ளே மெழுகுக் கொல்லர்களை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் சம்மட்டியை ஓங்கிக்கொண்டு நிற்பார். ஒருவர் துருத்தி ஊதுவார். வீட்டுக்குள் ஒரு மெழுகுப் பெண்மணி ஓயாமல் ரொட்டி சுடுவார்.

ரெஸ்ட் அண்ணன் அங்கே காவலாளி. சிவகங்கைப் பக்கம். வெயிலில் சாரம் கட்டும் வேலையில் பல வருஷம் காய்ந்துவிட்டு இந்த நிழலுக்கு வந்தவர். யாரைப் பார்த்தாலும் "செத்த நேரம் ரெஸ்ட் எடுய்யா" என்பதுதான் வணக்கம். அவருடைய உண்மைப் பெயர் அடையாள அட்டையில் இருந்தது. யாரும் படித்ததில்லை.

ஒரு கோடை மத்தியானம், சுற்றுலா வந்த ஒரு பெண்மணி என் கவுண்டருக்கு வந்து, "உங்கள் கொல்லர்கள் எல்லாரும் படுத்திருக்கிறார்களே, இது எந்தக் காலத்துக் காட்சி?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓடிப்போய்ப் பார்த்தேன். சம்மட்டிக்காரர் பாயில் மல்லாந்திருந்தார். துருத்திக்காரர் ஒருக்களித்திருந்தார். ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்ததால், சம்மட்டிக்காரர் படுத்துக்கொண்டே ஓட்டுப் போடுவதுபோல் தெரிந்தது.

"என்னண்ணே இது?"

"கவர்மெண்டே மத்தியானத்துல வெயில்ல வேல வாங்கக் கூடாதுன்னு சொல்லிருச்சுல்ல? இவய்ங்க மட்டும் என்ன பாவம் பண்ணாய்ங்க?"

"இது பொம்மண்ணே!"

"பொம்மைன்னா? பாக்குறவனுக்குத் தோள்பட்ட வலிக்குதுல்ல?"

மேனேஜர் வர்கீஸ் சார், பாலக்காட்டுக்காரர், அன்றே கூப்பிட்டு எச்சரித்தார். அண்ணன் பணிவாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் பொம்மைகள் நின்றன. ஆனால் ஒவ்வொன்றின் தலையிலும் ஈரத்துண்டு.

வீடுகள் விஷயத்தில் இன்னும் மோசம். கதவைத் தட்டாமல் அவர் எந்த வீட்டுக்குள்ளும் போகமாட்டார். ஒருமுறை பெரிய கேமராவோடு வந்த ஓர் ஐரோப்பியர், ரொட்டி சுடும் அம்மாவின் முகத்துக்கு நேரே குனிந்து படம் எடுத்தார். "பாய், அந்தம்மாகிட்ட கேட்டியா?" என்றார் அண்ணன் ஹிந்தியில். அந்த மனிதர் மிரண்டுபோய் மெழுகிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியேறினார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு காலை, ஊரிலிருந்து தம்பி போன் செய்தான். அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே.

விசா புதுப்பிக்க என் பாஸ்போர்ட் போயிருந்தது. கைக்கு வர நாளாகும். வெயில் காலம், வைத்திருக்க முடியாது, மத்தியானமே எடுத்துவிடுகிறோம், நீ வீடியோவில் பார்த்துக்கொள் என்றான் தம்பி. எங்கே போய்ப் பார்ப்பது? அறையில் நைட் டூட்டி முடித்தவர்கள் தூங்குவார்கள். கவுண்டரில் வரிசை நிற்கும். அந்த ஊரில் எனக்கென்று அழுவதற்கு ஒரு சுவர்கூட இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து அழைத்துப் போய், வரிசையில் கடைசி வீட்டைத் திறந்தார்.

"உள்ள போய் உக்காரு. நா வெளிய நிக்கிறேன்."

"அண்ணே, இதுல யாரும் உக்காரக் கூடாதுண்ணே. வேல போயிரும்."

"வீடுன்னு ஒண்ணு கட்டி வச்சா அதுல மனுசன் உக்காராமப் பின்ன என்ன பண்றது? போய்யா."

பாயில் உட்கார்ந்தேன். போனில் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள். சங்கு ஊதினார்கள். என் தம்பி கொள்ளிக்குடம் சுமந்தான். நான் வாய்விட்டு அழுதேன். ஓலைச் சுவருக்கு வெளியே ஒரு சுற்றுலாக் கூட்டம் வந்து நின்றதும், அண்ணன் "மாஃபி, மாஃபி, இங்க கிடையாது, யல்லா" என்று விரட்டியதும் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வர்கீஸ் சாரின் குரல்.

"உள்ள ஆராக்கும் அழறது?"

"வீட்டுக்காரர் சார்."

"எந்த வீட்டுக்காரர்? விளையாடறியா?"

"துக்க வீடு சார். அவங்கப்பா தவறிட்டாரு. இப்பதான் தூக்கிட்டுப் போறாங்க."

செருப்பொலி தள்ளிப் போனது. அன்று மாலைவரை வர்கீஸ் சாரே என் கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தார் என்று அப்புறம் தெரிந்தது. பெரியவர்களுக்குக் குழந்தை டிக்கெட்டும் குழந்தைகளுக்குப் பெரிய டிக்கெட்டுமாகக் கொடுத்திருந்தார்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தேன். அண்ணன் என்னை உலைக்களத்தின் பின்பக்கம் அழைத்துப் போனார். நிழலில் ஒரு பெரிய பக்கெட் நிறையத் தண்ணீர். கோடையில் இங்கே குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். தண்ணீரைப் பிடித்து வைத்து, கேன்டீனில் கெஞ்சி வாங்கிய ஐஸைக் கொட்டி ஆற்றியிருக்கிறார்.

"தலைக்கு ஊத்திக்கய்யா. அப்பாவ அனுப்பிட்டுக் குளிக்காம இருக்கக் கூடாது."

அவரே மொண்டு ஊற்றினார். தன் துண்டால் அவரே துவட்டியும் விட்டார்.

விரட்டப்பட்ட சுற்றுலாக் கூட்டம் சும்மா இருக்கவில்லை. மேலிடத்துக்குப் புகார் போனது. வர்கீஸ் சார் மன்றாடி வேலையைக் காப்பாற்றினார். ஆனாலும் அண்ணனைக் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நான் குற்ற உணர்வோடு போய் நின்றேன். "நல்லதாப் போச்சுய்யா, அந்தப் பொம்மைய்ங்க ஒரு வார்த்த திருப்பிப் பேசமாட்டாய்ங்க" என்றார். ஒரே வாரத்தில் பேருந்து ஓட்டுநர்களுக்கெல்லாம் வேப்ப மரத்தடியில் அட்டை விரித்துப் படுக்கை போட்டுக் கொடுத்திருந்தார்.

இப்போது அவர் குவைத்தில், மங்காஃபில் ஒரு குடியிருப்புக் கட்டடத்துக்குக் காவல். அங்கே லிஃப்டுக்கு ஓய்வு கொடுத்து ஐந்தாம் மாடிக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி.

சென்ற மாதம் எனக்குப் பெண் பிறந்தாள். முதல் போன் அவருக்குத்தான் போட்டேன். அம்மாவுக்குக்கூட அப்புறம்தான்; அவளிடம் நீங்கள் யாரும் சொல்லிவிடாதீர்கள்.