பதினாறில் ஒரு பங்கு கேக்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொன்னால் அடுப்படி வரைக்கும் கேட்டுவிடும்.

நான் செருப்புக்கடைக்காரன். படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. ஆனால் ஆள் படியேறும்போதே கால் எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவேன். ஆறை விட எட்டு பெரிசு, எட்டை விடப் பத்து பெரிசு. முப்பது வருஷத்தில் இந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதே இல்லை.

வீட்டில்தான் பாடு. ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே சர்க்கரை டப்பா என் மனைவியின் பீரோவுக்குள் போய்விட்டது. நாலு மாசமாக நாக்கில் இனிப்பு படவில்லை. இருமல் மருந்தைக்கூட ஏக்கமாகப் பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பின்னம் வந்தது. வட்டமான பண்டம் எதையாவது வீட்டில் வெட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார் டீச்சர். மனைவி கேக் செய்தாள். தட்டு அகலத்துக்கு இருந்தது. அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டேன்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஒரே ஒரு துண்டு தரலாமாம்," என்றாள், கையில் கத்தியோடு. "ஆறுல ஒரு பங்கு உங்களுக்கு."

முதலில் சொன்னதற்கே தலையாட்டினால் நான் என்ன வியாபாரி?

"ஆறெல்லாம் எனக்குப் பத்தாது. எட்டுல ஒரு பங்கு கொடு."

மகள் வாயைத் திறந்தாள். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

"எட்டா? ஏங்க, உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

"நாலு மாசம் காயப் போட்டிருக்க. பத்து."

"டாக்டர் என்னைத்தாங்க திட்டுவார்."

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். பன்னெண்டு."

சொல்லிவிட்டு எனக்கே கூச்சமாகப் போயிற்று. பன்னிரண்டாம் நம்பர் கால் கடைக்கு வந்தால் தெருவே வேடிக்கை பார்க்கும். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் விடவில்லை.

"கடைசியா சொல்றேன், பதினாறு. அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்."

"சரி, உங்க இஷ்டம். அப்புறம் பேச்சு மாறக் கூடாது. இவ சாட்சி."

"வித்த செருப்பைத் திரும்ப வாங்கின ஆள் இல்ல நான். வெட்டு."

வெட்டினாள். பாதி, கால், அரைக்கால், அதிலும் பாதி. என் தட்டுக்கு வந்த துண்டு நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்தது. செருப்புக்குள் வைக்கிற அட்டைகூட அதைவிடக் கனம்.

"என்னடி இது?"

"பதினாறுல ஒண்ணுப்பா," என்றாள் மகள். "ஒரே கேக்கை எத்தனை பங்கு போடறோமோ, அத்தனைக்குத் துண்டு சின்னதாயிடும். அம்மா முதல்ல தர்றேன்னு சொன்னதுதான் பெரிசு. ரெண்டுல ஒண்ணுன்னு கேட்டிருந்தா பாதி கேக் கிடைச்சிருக்கும்."

விளங்கிவிட்டது. விளங்கிய பிறகு சும்மா இருக்க முடியுமா?

"பதினாறெல்லாம் வேண்டாம். எனக்குப் பாதி போதும்."

"பாதியே போதுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. பாதி."

"சரிங்க."

என் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சாய்ந்து கிடந்த துண்டைச் சரிபாதியாக வெட்டினாள். ஒன்றை எனக்கு விட்டுவிட்டு, மற்றதை மகளின் வாயில் ஊட்டினாள்.