ஒன்பது சீல்

யாருக்கும் எதையும் சும்மா கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. ஓட்டலில் டம்ளர் கழுவி, அடி வாங்கி மேலே வந்தவன் நான். பெண் பார்க்கப் போன வீட்டில், பஜ்ஜி சிறிசாக இருக்கிறதென்று மாமனாரிடமே இன்னொன்றுக்குப் பேரம் பேசியவன். அப்படிப்பட்ட நான்தான் போன ஐப்பசியில், ஒன்பது காபி குடித்தால் பத்தாவது காபி இலவசம் என்று போர்டு வைத்தேன்.

வேறு வழியில்லை. ‘பரிமளா காபி’ என்று எங்களுக்கு இரண்டு கடை. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று, திருக்கோகர்ணத்தில் ஒன்று. பரிமளா என் மனைவி. கடை வைக்க நகையைக் கழற்றித் தந்தாள். பதிலுக்குப் பெயரை எழுதினேன். பஸ் ஸ்டாண்டு கல்லாவில் நான், திருக்கோகர்ணத்தில் அவள்.

என் கடைக்கு அடுத்தாற்போல ஒரு ஏசி காபிக் கடை வந்தது. ஊருக்கு ஊர் கடை வைத்திருக்கும் கம்பெனி. குடிக்கக் குடிக்கப் போனில் பாயிண்ட் ஏறுமாம். ஏறினால் ஓசிக் காபியாம். அதற்குப்பிறகு என் கடைக்குள் மழைத்தண்ணீர் மட்டும்தான் வந்தது. ஈகூட ஏசிக்குப் போய்விட்டது.

“ஒரு கடைய மூடிருவோங்க. ரெண்டுக்கும் வாடகை கட்ட முடியல” என்றாள் பரிமளா.

“எதை?”

“யாவாரம் இல்லாததை.”

“அப்ப நான் கல்லாவ விட்டு எந்திரிக்கணுங்கிற?”

“நீங்க உக்காந்திருக்கிறது வாசல்ல நாயைக் கட்டிப்போட்ட மாதிரியில்ல இருக்கு? அதுவாச்சும் தெரிஞ்ச ஆளைப் பாத்தா வாலாட்டும்.”

டிகாக்‌ஷன் கொதித்தது. நானும் கொதித்தேன். டிகாக்‌ஷனை இறக்கி வைத்துவிட்டுச் சவால் விட்டேன்.

“கார்டு போடுறேன், காபிக்கு ஒரு சீல், ஒம்பது சீலுக்கு ஒரு ஓசிக் காபி. கூட்டம் வரும் பாரு. தை பொறக்கட்டும். எந்தக் கடையில யாவாரம் கம்மியோ அதுக்குப் பூட்டு!”

“சரிங்க. ஓசிக் காபி ரெண்டு கடையிலயும் கெடைக்கும்னு கார்டுல போட்டுருங்க.”

யோசிப்பதுபோல மோட்டுவளையைப் பார்த்தேன். உள்ளுக்குள் குதித்தேன். ஒன்பது காபிக்குக் காசு என் கல்லாவுக்கு, பத்தாவது ஓசி அவள் தலைக்கு! சரியென்றேன்.

கார்டு வேலை செய்தது. சீலுக்காகவே இரண்டு வேளை குடித்தார்கள். முதலில் கார்டை நிரப்பியவர் ஆண்டிச்சாமி. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். என் பழைய வாடிக்கை.

“ஒம்பது சீல் ஆயிருச்சு. எடுங்க ஓசிக் காபிய!”

“பால் தீந்துபோச்சுண்ணே. திருக்கோகர்ணம் போங்க. அங்க டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டா இருக்கும்.”

“பின்னால கேன் நெறய நிக்குதே?”

“அது காசு குடுக்கிறவங்களுக்கு.”

அவர் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதே வழியைக் காட்டினேன். கண்டக்டர்கூட அத்தனை பேரைத் திருக்கோகர்ணத்துக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

மார்கழியில்தான் உறைத்தது. போனவன் ஒருத்தனும் திரும்பவில்லை. காலி நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். என் கடைக்கே இந்தக் கதி என்றால், ஓசியாக ஊற்றியே அவள் கடை நாறியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தை பிறந்தது. அவள் அழிவைப் பார்க்கப் போனேன். உட்கார இடமில்லை.

நடுமேசையில் ஆண்டிச்சாமி. கூடவே சம்சாரம், மருமகள், பேத்திகள். ஒரு காபி ஓசி. மற்றதெல்லாம் காசு. போதாததற்கு ஒரு தட்டு வடை.

“ஒரு ஓசிக் காபிக்கு இத்தனை பேராண்ணே?”

“மொதத் தடவ ஓசிக்குன்னு தனியா வரக் கூச்சமா இருந்துச்சு, வீட்டு ஆளுகளக் கூட்டியாந்தேன். தங்கச்சி மொகஞ்சுளிக்காம ஓசிக் காபியத்தான் மொதல்ல கொண்டாந்து வச்சுச்சு. புதுக் கார்டும் குடுத்துச்சு. அன்னையிலருந்து இங்கிட்டுத்தான்.”

சுற்றிப் பார்த்தேன். எல்லா மேசையிலும் என் ஆட்கள். நானே சீல் குத்தி அனுப்பிவைத்த ஆட்கள். கல்லாவுக்குப் போனேன்.

“இதுக்குத்தான் ரெண்டு கடையிலயும்னு போடச் சொன்னியா?”

“சும்மா குடுக்க ஒங்களுக்குக் கை வராதுன்னு எனக்குத் தெரியாதாங்க? எப்படியும் இங்கிட்டுத்தான் தள்ளி விடுவீங்க.”

அன்று சாயங்காலம் என் கடையின் ஷட்டரை நானே இழுத்தேன். டம்ளர் கழுவிய கைகள் வைத்த கடை. இப்போது ஏசிக் கடைக்காரன் அங்கே பைக் நிறுத்துகிறான்.

திருக்கோகர்ணத்தில் எனக்கு உத்தியோகம், பால்காரனிடம் பேரம் பேசுவது. அது முடிந்தால் மூலை ஸ்டூல். முதலாளியாக இருந்தாலும் காபிக்கு பில் போடணும் என்பது பரிமளாவின் சட்டம். இரக்கப்பட்டு எனக்கும் ஒரு கார்டு கொடுத்திருந்தாள்.

நேற்று மனசு சரியில்லை. கார்டை நீட்டினேன்.

“ஒம்பது ஆயிருச்சு. ஓசிக் காபி ஒண்ணு.”

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“எட்டுதாங்க இருக்கு. கடைசியா இருக்கிறது சீல் இல்ல, காபிக் கறை. காசு எடுங்க.”

பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தேன்.